ஆக்சிஜன் தொட்டியின் நிழலில் கூண்டு அண்ணாச்சி

கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் கிடந்த ஒரு காலையில், தூத்துக்குடியிலிருந்து வேம்பார் வரை ஒரு வள்ளத்தைக்கூடக் கடலில் இறங்கவிடாமல் தடுத்த ஒரே மனிதர் கூண்டு அண்ணாச்சிதான். புயலே வந்திருந்தாலும் துணிந்த நாலு பேர் போயிருப்பார்கள். அண்ணாச்சி அதை ஒரு மருத்துவமனையின் முகநூல் பக்கத்தில், கட்டைவிரலால் செய்து முடித்தார்.

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய கைகள் அவருடையவை. ஓய்வு பெற்றபின், கடற்கரைச் சாலைப் பக்கமிருந்த அந்த மருத்துவமனையின் விசாரணை மேசையில் வந்து அமர்ந்தார். கொரோனாவின் இரண்டாம் அலையில் உறவினர் எவரும் உள்ளே வரக்கூடாது என்றானபோது, செய்திகளை முகநூலில் சொல்வதென்று பெரிய டாக்டரம்மா முடிவு செய்தார். அப்பணி அண்ணாச்சியிடம் வந்ததற்கு ஒரே காரணம், மற்ற அனைவருக்கும் வேலை இருந்ததுதான்.

என் அப்பா அங்கே முதல் மாடியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். அவரைப் பற்றி அறிய அம்மாவுக்கும் எனக்கும் இருந்த ஒரே சன்னல் அந்த முகநூல் பக்கம்தான்.

'படுக்கைகள் நிரம்பி வருகின்றன' என்று டாக்டரம்மா எழுதிக் கொடுப்பார். 'ஐந்தாம் எண் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது. வெளியே அலைவோர் கரை திரும்பவும்' என்று அண்ணாச்சி பதிவிடுவார். மாலைகளில் நேரலையும் உண்டு. அதை அணைக்கும் வழி அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆகவே அவர் வாங்கிய வசவுகளும் ஊருக்கு நேரலையிலேயே கிடைத்தன.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்கு எதுக்குக் கூண்டு?"

"டாக்டரம்மா, நீங்க எழுதுறத நம்ம ஊர்ல யாரு வாசிப்பா? கூண்டுன்னா கைப்புள்ளைக்குக்கூட வெளங்கும்லா."

"இது என்ன கடலா?"

"கடல்னா நாமளே நீந்திக் கரையேறிருவோமே."

படுக்கைகள் அனைத்தும் நிரம்பிய அன்று அவர் பெரும்புயலுக்கான பத்தாம் எண் கூண்டை ஏற்றினார். யாரோ ஒருவர் மருத்துவமனையின் பெயரை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் வாட்ஸப்பில் அனுப்ப, கடற்கரை நெடுக ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. அன்று மாலை, வேம்பாரிலிருந்து ஒரு பெண் அவரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"கடலு கண்ணாடியா கெடக்கு. எம் புருசன் வள்ளத்தக் கட்டிப் போட்டுட்டுச் சீட்டாடிட்டு இருக்காரு. எங்க அண்ணாச்சி ஒங்க புயலு?"

"எங்க ஆஸ்பத்திரிலதாம்மா" என்றார் அண்ணாச்சி, மிகுந்த நேர்மையோடு.

அன்றோடு கூண்டு தடை செய்யப்பட்டது. டாக்டரம்மாவின் வாக்கியங்கள் எழுத்துப் பிசகாமல் வெளிவந்தன. ஒருவரும் வாசிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அந்த மருத்துவமனையைப் பற்றி ஒரு குரல்பதிவு பரவியது. எவளோ ஒருத்தி அழுதுகொண்டே பேசினாள்: "அங்க ஆக்சிஜன் தீந்து போச்சு. ஒங்க ஆளுகள இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க." முகநூல் பக்கத்தில் மறுப்பறிக்கை வந்தது; ஆக்சிஜன் அழுத்த அளவுகளும் அலகுகளும் சரியாகவே இருந்தன. அதன் கீழே ஒரே ஒரு பதில்: 'பொய்.'

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு குடையை எடுத்தாள். "ஏளா, கெளம்பு. அப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்துருவோம்."

"குழாய எடுத்தா அவங்களால வாசல் வரைக்குங்கூட வர முடியாதும்மா."

"அப்போ அங்கன கெடந்து மூச்சுமுட்டிச் சாகவா?"

மருத்துவமனை வாசலில் ஏற்கெனவே கூட்டம் சேர்ந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அப்போது என் கைப்பேசி அதிர்ந்தது. நேரலை.

உச்சி வெயில். கட்டடத்தின் பின்புறம் ஆக்சிஜன் தொட்டி வெள்ளையாக நின்றது. அதன் குழாய்களில் பனி உறைந்திருந்தது. அதில் பட்ட உப்புக்காற்று புகையாகித் தரையில் வழிந்தது.

"எல்லாரும் பாத்துக்கிடுங்க. போய்க் கண்ணால பாருங்கன்னாவ டாக்டரம்மா, வந்துட்டேன். உள்ள ஆக்சிஜன் ஓடுதவரைக்கும் இந்தப் பனி இருக்குமாம். இந்தா, தொட்டுப் பாக்கேன்."

"தொடாதீங்க அண்ணாச்சி! தோல் ஒட்டிக்கிடும்!" என்று மாடியிலிருந்து டாக்டரம்மாவின் குரல்.

விரலை உதறிக்கொண்டே அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் இங்கனயே இருக்கேன். பனி நின்னா வாசக் கதவ நானே தொறந்து விடுதேன், ஒங்க ஆளுகளக் கூட்டிட்டுப் போங்க."

வெண்புகை திரையின் குறுக்கே மிதந்து வந்து, கரைந்து, மீண்டும் வந்தது. குழாயடியில் சொட்டிய நீரை ஒரு காகம் தலை சாய்த்துக் குடித்தது. குடையோடு நின்ற அம்மா, பார்த்துக்கொண்டே தரையில் அமர்ந்தாள். வெயிலும் பனியும் ஒரே திரைக்குள் இருந்த அந்தப் பகலில் எங்கள் ஊர் நீருக்கடியில் இருப்பதுபோல் தோன்றியது. மெல்ல அண்ணாச்சியின் தலை சரிந்தது. குறட்டை எழுந்தது.

'அண்ணாச்சி ஒறங்கிட்டாரு' என்று ஒருவர் எழுதினார்.

'மனுசன் இப்படி ஒறங்குதாருன்னா ஆக்சிஜன் இருக்குலே.'

'சத்தம் போடாதிய.'

வாசலில் நின்றவர்களும் கைப்பேசியைப் பார்த்தபடியே நிழலுக்கு நகர்ந்து, பின் ஒவ்வொருவராகக் கலைந்தார்களாம். அம்மா எழுந்து குடையை ஆணியில் மாட்டினாள்.

அப்பா பாதி உடம்பாக வீடு திரும்பினார். முதல் கவளம் உண்டபின் சொன்னார்: "சன்னலுக்குக் கீழ ஒருத்தன் பட்டப்பகல்ல கொறட்டை விட்டாம் பாரு. அதக் கேட்டுத்தான் எனக்கும் ஒறக்கம் வந்துச்சு."

அந்த நேரலை இன்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. பார்த்தவர் எண்ணிக்கை அவ்வப்போது ஒன்று கூடுகிறது. சில நாள் அது நான். மற்ற நாட்களில், கைப்பேசியைப் புளிப் பானைமேல் சாய்த்துவைத்து, சத்தத்தைக் குறைக்காமல் சமைக்கும் அம்மா.