அலுமாரியில் வெடித்த பியரும் நான் வாங்கவிருக்கும் சாமான்களும்

வோபர்ன், ஸ்காபரோ
19 ஓகஸ்ட் 1986

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அருள்நாயகம் அவர்களுக்கு, பஸ்ரியன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

மடு மாதாவின் தயவால் இங்கே நானும் கிளடிசும் சுகமாக இருக்கிறோம். அங்கே மிசிசாகாவில் நீங்களும் சம்பந்தியம்மா றோஸ்மேரியும், உங்கள் வீட்டில் வாழும் என் மகள் வேரோனிக்காவும் மருமகனும் பேரனும் சகல நலமும் பெற வேண்டுமென்றும், விசேஷமாக உங்கள் இடது முழங்காலின் வீக்கம் வற்றி, உங்கள் நீலக் கோட்சூட்டின் வாசம் நீங்க வேண்டுமென்றும் தினமும் செபமாலை சொல்லி மன்றாடுகிறேன்.

நிற்க. நீங்கள் சொன்னதை வேரோனிக்கா எனக்கு ரெலிபோனில் ஒரு சொல் குறையாமல் ஒப்புவித்தாள். "அந்த மனுசன்ர வீட்டில வாளி இருக்கிற வரைக்கும் நான் அந்தப் படி மிதிக்க மாட்டன்" என்றீர்களாம். சம்பந்தி, நாங்கள் இருப்பது பதினோராம் மாடி, லிப்டில்தான் வருகிறீர்கள் என்று நான் குறுக்குக்கதை கதைக்கப்போவதில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக உங்கள் கார் வரவில்லை. கார் வராததால் பேரனும் வரவில்லை. கிளடிஸ் பழக்கத்தில் ஆறு பேருக்கு ஆட்டிறைச்சி காய்ச்சிவிடுகிறாள், நாங்கள் இரண்டு பேரும் வியாழக்கிழமை வரைக்கும் அதையே சாப்பிடுகிறோம். ஆகவே நடந்தது என்ன, அதற்கு நான் எடுக்கவிருக்கும் நடவடிக்கை என்ன என்பதை இதன்மூலம் விபரமாக அறியத்தருகிறேன்.

நான் மன்னாரில் இருபத்தெட்டு வருடம் மதுவரிப் பரிசோதகராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கசிப்புச் சாராயம் காய்ச்சுவதற்காகப் பற்றைக்குள் புளிக்க வைத்த கோடா ஊறலை அரைக் கட்டை தூரத்தில் மணந்து, இது மூன்றாம் நாள், இது ஐந்தாம் நாள் என்று சொன்ன மூக்கு இது. எத்தனையோ பீப்பாய்களைக் கோடரியால் கொத்தி ஊற்றியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் இந்த நாட்டில் கார் நிறுத்துமிடத்துக் கூட்டுக்குள் இருந்து சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறேன். அதில் குறையில்லை. ஆனால் நாள் முழுதும் பெற்றோல் புகையைத் தவிர மணக்க ஒன்றுமில்லை. இப்படியிருக்கையில் போன பங்குனியில் எங்கள் கட்டடத்துப் பராமரிப்பாளரான போலந்துக்காரர் தான் வீட்டில் செய்த பியர் என்று ஒரு போத்தலைத் திறந்து நீட்டினார். ஒரு மிடறு குடித்ததும் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ருசியால் அல்ல, இவரைப் பிடித்துக் கொடுக்க வேண்டுமே என்ற கவலையால். அவர் சிரித்து, வீட்டுப் பாவனைக்கென்றால் இங்கே எவரும் செய்யலாம் என்றார். நான் நம்பவில்லை. அடுத்த நாளே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வரிக் கந்தோர் ஒன்றுக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த பெண் அனுமதிப் பத்திரம் ஒன்றும் தேவையில்லை என்றாள். அப்படியானால் பரிசோதிக்க யார் வருவார்கள் என்று கேட்டேன். ஒருவரும் வரமாட்டார்கள் என்றாள். சம்பந்தி, அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனம் பட்ட பாட்டை எப்படி எழுதுவேன்? பத்திரமில்லாமல் ஒரு துளி செய்யவும் என் கை ஓடாது. கடைசியில் ஆனி மாதம் நானே ஒரு பத்திரம் எழுதி, விண்ணப்பித்தவர் என்ற இடத்திலும் பரிசோதகர் என்ற இடத்திலும் நானே கையொப்பமிட்டு, குளியலறைக் கதவில் ஒட்டிய பிறகுதான் வேலையைத் தொடங்கினேன்.

குளியலறை என்றதன் காரணம், எங்கள் அப்பார்ட்மென்றில் வாளி வைக்க வேறு இடமில்லை. தகரத்தில் வரும் மோல்ற் என்ற பார்லிப் பாணியையும் சீனியையும் கிளடிசின் பாயாசச் சட்டியில் காய்ச்சி, ஒரு பெரிய பிளாஸ்ரிக் வாளியில் ஊற்றி, ஈஸ்ற் தூவி, குளியல் தொட்டிக்குள் இறக்கி வைத்தேன். பதின்மூன்று நாள் கிளடிஸ் கைகழுவும் பேசினில் குளித்தாள். அதைப்பற்றி அவள் சொன்னவற்றை இங்கே எழுதுவது முறையல்ல. சாமான் விற்ற கடைக்காரன் ஹைட்ரோமீற்றர் ஒன்றையும் வாங்கச் சொன்னான். புளிப்பு முடிந்ததா, இன்னும் எவ்வளவு சீனி மிச்சமிருக்கிறது என்று மிதந்து காட்டுகிற கண்ணாடிக் குழாய் அது. உத்தியோக காலத்தில் அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிந்தவன் நான். எனக்கே அதை விற்கப் பார்க்கிறானே என்று ரோசம் வந்து, என் மூக்கைத் தொட்டுக் காட்டிவிட்டு வந்தேன். அந்த ரோசம்தான் இவ்வளவுக்கும் காரணம் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பதினான்காம் நாள் மணந்து பார்த்து, புளிப்பு முடிந்தது என்று தீர்ப்புச் சொன்னேன். போத்தலுக்குள் வாயு பிடிக்கக் கடைசியில் கொஞ்சம் சீனிப்பாணி சேர்ப்பார்கள். அதையும் அளவாகத்தான் காய்ச்சி ஆறவைத்திருந்தேன். வேலையால் வந்து இரண்டு டசின் போத்தலில் அடைத்து மூடினேன். பேரனின் ஞானஸ்நான நாளில் எங்களை ஏற்ற வந்த நீங்களே இரண்டு பெட்டியையும் தூக்கிக் காரில் வைத்தீர்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, நடந்த ஒழுங்கில் சொல்கிறேன். ஆடி வெயில். நெடுஞ்சாலையில் இரண்டு மணித்தியாலம் நெரிசலில் நின்றோம். உங்கள் வீட்டுப் பிறிஜ் முழுக்கக் கட்லற்றும் றோல்சும் அடைத்திருந்ததால், குளிர்மையான இருட்டு இடம் என்று பார்த்து, நீங்கள் கோட்சூட் கொழுவும் அலுமாரிக்குள் பெட்டிகளை வைத்தேன். உங்களிடம் கேட்டுவிட்டு வைத்திருக்கலாம்.

சாப்பாட்டுக்கு முன் சுவாமியார் குழந்தையைக் கையில் ஏந்திச் செபம் சொல்லத் தொடங்கியபோது முதல் போத்தல் போனது. சம்பந்தி, அந்தச் சத்தத்துக்கு, துவக்குச் சூட்டுக்குத் தப்பி வந்த எங்கள் சனம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூச்சு விடுகிற நேரத்துக்குள் முப்பத்தொரு பேரும் தரையில். வேட்டி கட்டினவர், சேலை உடுத்தவர், எல்லாரும் குப்புற. தட்டு வைத்திருந்தவர்கள் தட்டைக் கவிழாமல் பிடித்தபடியே படுத்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். நானும் கதிரைக்குக் கீழேதான். ஒருவரும் சத்தம் போடவில்லை. நின்றுகொண்டிருந்தது கனடாக்காரச் சுவாமியார் ஒருவர் மாத்திரம். இரண்டாவது வெடித்தது. அவர் எங்களைச் சுற்றிப் பார்த்தார். இது எங்கள் வழக்கப்படி செபத்தின் ஒரு பகுதி என்று நினைத்தாராக்கும், பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பவ்வியமாக அவரும் முழங்காலில் இறங்கினார். மூன்றாவது வெடித்தபோது கதவிடுக்கால் மணம் வந்தது. மற்றவர்களுக்கு முதல் எனக்கு வந்தது. நான் எழும்பி, "ஒருத்தரும் பயப்பிடாதேங்கோ. அது என்ர பியர்" என்றேன். மேசைக்குக் கீழே முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த நீங்கள், "அது என்ர அலுமாரி" என்றீர்கள்.

முதலில் சிரித்தது சம்பந்தியம்மா. பிறகு ஒவ்வொருவராக, படுத்தபடியே, கண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்கள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பயந்து பொலிசுக்கு ரெலிபோன் அடித்ததால் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களுக்கு நான் எழுந்து நின்று, கொள்ளளவு, புளித்த நாட்கள், போத்தல்களின் எண்ணிக்கை எல்லாம் முறைப்படி அறிக்கையிட்டேன். அதிலொருவர் அலுமாரிக் கதவைத் திறந்த அதே நேரம் பன்னிரண்டாவது வெடித்து, அவரும் எங்களைப்போல் தரையில் விழுந்தார். எழும்பித் தொப்பியைத் தட்டி, குறிப்புப் புத்தகத்தில் பியர் என்று ஒரேயொரு சொல் எழுதிக்கொண்டு போய்விட்டார். என் காலத்தில் இப்படியொரு அறிக்கையை நான் ஏற்றிருக்க மாட்டேன்.

மறுநாள் விமான நிலையச் சரக்குக் களஞ்சியத்தில் மேற்பார்வையாளர் வேலைக்கான நேர்முகத்துக்கு நீங்கள் பியரில் நனைந்த அந்த நீலக் கோட்சூட்டைத்தான் போட்டுப்போனீர்கள் என்றும், சம்பந்தியம்மா அதில் ஒரு போத்தல் ஓடிக்கொலோன் தெளித்தார் என்றும், இரண்டும் சேர்ந்த வாசத்தில் நேர்முகம் நான்கு நிமிடத்தில் முடிந்தது என்றும் அறிந்து மிக வருந்தினேன். வேலை உங்களுக்கே கிடைத்தது என்று பிறகு அறிந்து மகிழ்ந்தேன். அதில் எனக்கும் பங்குண்டு என்று சொல்லவரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கிழமையாகக் கூட்டுக்குள் இருந்து யோசித்ததில் நான் கண்ட முடிவு, என் மூக்குப் பழுதாகிவிட்டது. பெற்றோல் புகையோ, இந்த நாட்டுக் குளிரோ, வயதோ தெரியாது. புளிப்பு முடியாததை முடிந்தது என்று சொல்லிவிட்டது, மிஞ்சிய சீனி போத்தலுக்குள் வாயுவாகி வெடித்துவிட்டது. இதை எழுதுவது எனக்கு லேசான காரியமல்ல. ஆகையால் இனி மூக்கை நம்பாமல் சாமான்களை நம்புவதென்று தீர்மானித்திருக்கிறேன். முதலில் அந்த ஹைட்ரோமீற்றர். கடைக்காரனிடம் மன்னிப்பும் கேட்பேன். பிறகு வாளிக்குப் பதிலாக ஒடுங்கிய கழுத்துள்ள பெரிய கண்ணாடிக் குடம், குமிழி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதன் வாயில், உள்ளிருக்கும் வாயு வெளியே போகவும் வெளிக்காற்று உள்ளே வராமலும் தடுக்கிற தண்ணீர் மூடி. பாயாசச் சட்டியைக் கிளடிசிடம் ஒப்படைத்துவிட்டு எவர்சில்வரில் ஒரு கிடாரம். போத்தல் என்ற பேச்சே இனி இல்லை. சோடாக் கொம்பனிகள் கழிக்கிற இரும்புச் சிலிண்டர்களில் அடைத்து, பழைய பிறிஜ் ஒன்றில் வைத்து, குழாய் திருகிக் குடிப்பது. சீட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் படம் கீறியிருக்கிறேன், இத்துடன் ஆறு தாள் இணைத்துள்ளேன்.

இதில் ஒரேயொரு இடைஞ்சல், இவ்வளவும் குளியல் தொட்டிக்குள் அடங்காது. உங்கள் கராஜின் கிழக்குச் சுவரோடு பத்தடி சும்மா கிடக்கிறது. புல்வெட்டும் மெசினை எங்கே நகர்த்தலாம் என்பதை நான்காம் தாளில் காட்டியிருக்கிறேன். இப்படிச் செய்தால் என் வீட்டில் வாளியும் இராது, நீங்கள் சொன்ன வார்த்தையும் காப்பாற்றப்படும், ஞாயிறு தோறும் தாராளமாக வரலாம்.

உங்கள் மனம் இளக ஆண்டவர் அருள்புரிவாராக. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பேரனின் இரண்டு கன்னத்துக்கும் ஒவ்வொரு கொஞ்சல்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள சம்பந்தி,
ம. பஸ்ரியன்
(ஓய்வுபெற்ற மதுவரிப் பரிசோதகர்)

பி.கு.: அண்ணை, இது கிளடிஸ் எழுதுகிறேன். தபாலில் போடச்சொல்லித் தந்துவிட்டு இவர் வேலைக்குப் போய்விட்டார். ஆவியில் காட்டி உறையைத் திறந்து வாசித்தேன். இவரின் மூக்கில் ஒரு பிழையுமில்லை. போத்தலில் அடைக்கிற அன்று நான் அதை ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், வேப்பெண்ணெய் மாதிரி ஒரே கைப்பு. ஞானஸ்நானத்துக்கு இதைக் கொடுத்தால் உங்கள் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று, இவர் ஆறவைத்திருந்த பாணிக்குள் இன்னும் மூன்று கோப்பை சீனி போட்டுக் கலக்கிவிட்டேன். சொல்லவேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் கனடாவுக்கு வந்த இரண்டு வருடமாக யன்னலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட மனிசன், இப்ப சாப்பாட்டு மேசையில படம் கீறிக் காட்டி என்னோட கதைக்கிறார். நான் வாயைத் திறந்தால் அதோடு எல்லாம் நின்றுபோகும். அவர் சாமானை வாங்கட்டும், நீங்கள் கராஜைக் கொடுங்கோ. இந்தத் துண்டை மட்டும் கிழித்து எறிந்துவிடுங்கோ. வாற ஞாயிறு பிள்ளையைக் கட்டாயம் கொண்டுவாங்கோ. வந்தவுடன் இவரோடு ஒரு பத்து நிமிடமாவது நல்லாய்ச் சண்டை பிடியுங்கோ அண்ணை. உடனே மன்னித்தால் இவர் சந்தேகப்பட்டு விசாரணை தொடங்கிவிடுவார்.