கொள்கையளவில் சரி, மேதகு காம்போரேசே

சரி என்று சொல்பவர்களோடு வாழ்ந்துவிடலாம். முடியாது என்று சொல்பவர்களோடும் எப்படியோ காலம் தள்ளிவிடலாம். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது, "கொள்கையளவில் சரி" என்று சொல்லும் இனம். எங்கள் இத்தாலியில் இது சட்டக் கல்லூரியில் முளைக்கும், நாடாளுமன்றத்தில் தழைக்கும், தூதரகத்தில் போய்க் காய்க்கும். பழுத்து விழுந்ததாக இதுவரை தகவல் இல்லை.

மாதிரிக்கு ஒருவரைக் காட்டுகிறேன். எவாரிஸ்தோ காம்போரேசே. பதுவாவில் சட்டப் பேராசிரியராக இருந்து, ரோமில் மந்திரியாகி, கடைசியில் தூதராகப் போனவர். அவர் காபிக் கடையில் உட்காரும் அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை போடட்டுமா என்று கடைக்காரர் கேட்டால், போடுவதற்குச் சாதகமான காரணங்கள், பாதகமான காரணங்கள், பழைய ரோமானியச் சட்டம் இது பற்றி மௌனம் சாதிப்பதன் உட்பொருள் எல்லாவற்றையும் எடுத்துரைத்துவிட்டு, நிலைமையைப் பொறுத்து முடிவெடுக்கலாம் என்பார். அதற்குள் காபி ஆறிவிடும். ஆறிய காபியைச் சர்க்கரையில்லாமல் குடித்துவிட்டு, அவசரப்படாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று என்று மீசையைத் துடைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் எப்படி நடந்தது? நியாயமான கேள்வி. மாதா கோவிலில் பாதிரியார், இவளை மனைவியாக ஏற்கிறாயா என்று கேட்டபோது, மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏற்பது என்பதன் பொருளை முதலில் வரையறுக்கப் பார்த்தார். மணப்பெண் ஓர்சோலா குதிகாலால் அவர் பாதத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். "ஆமாம்" என்று வந்துவிட்டது. அது சம்மதத்தில் வந்ததா வலியில் வந்ததா என்பதை அவரே பின்னாளில் விவாதத்துக்குரியது என்றுதான் சொல்லிவந்தார்.

ஓர்சோலா பிறந்த ஊர் போர்கோ சாலிசே. போ நதிக்கரையில், நதியைவிடத் தாழ்வான ஊர். அங்கே படகு மேலே போகும், மாடு கீழே மேயும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மண் கரை. அந்தக் கரையில் விரிசல் விட்டிருந்தது. செப்பனிட வேண்டியது அரசாங்கமா, நிலச்சுவான்தார்களின் சங்கமா என்று வழக்கு நடந்தது. இரு தரப்பாரும் காம்போரேசேயிடமே சட்டக் கருத்துக் கேட்டார்கள். அவர் ஒரே ஒரு கருத்துதான் எழுதினார். அதை இரண்டு தரப்பு வக்கீல்களும் தங்களுக்கே சாதகம் என்று நீதிமன்றத்தில் உரக்க வாசித்தார்கள். நாடே மூக்கின்மேல் விரலை வைத்தது. கரை அப்படியே இருந்தது.

அந்தப் புகழ் அவரை நாடாளுமன்றத்துக்குத் தூக்கிப் போயிற்று. எங்கள் மந்திரிசபைகள் யாராவது பலமாகத் தும்மினால் விழும். ஒவ்வொன்று விழும்போதும் எல்லோரும் எழுந்து போவார்கள், இவர் மட்டும் அடுத்ததில் உட்கார்ந்திருப்பார். யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை, பிறகு யார் பகைப்பார்கள்? அவர் பொதுப்பணி மந்திரியானதும், ஓர்சோலாவின் தம்பியும் ஊர்த்தலைவனுமான அன்சேல்மோ ஒரு கூடை விலாங்கு மீனோடு ரோமுக்கு ரயிலேறி வந்துவிட்டான்.

"அத்தான், ஒரு கையெழுத்துப் போடுங்க. மண்ணு நாங்களே கொட்டிக்கிறோம்."

"கொள்கையளவுல சரி மச்சான். ஆனா இந்த விஷயத்துல பெரிய சட்ட நிபுணர் ஒருத்தர் ரெண்டு விதமாவும் சொல்லி வெச்சிருக்காரே."

"எவன் அவன்?"

"நான்தான்."

விசாரிக்கக் குழு போடப்பட்டது. மீன் அன்று மதியமே தீர்ந்துவிட்டது. அன்சேல்மோ வெறுங்கூடையோடு ஊர் திரும்பினான்.

அடுத்த மந்திரிசபையும் ஒருநாள் விழுந்தது. அரண்மனையிலிருந்து காம்போரேசேக்கே அழைப்பு வந்தது, புது மந்திரிசபை அமைக்கச் சொல்லி. எங்களிடம் இதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. அரசர் கேட்டதும் சரி என்று பல்லிளிக்கக் கூடாது. "நிபந்தனையோடு ஏற்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாலு கட்சிக்காரர்களைப் பார்த்துப் பேசிவிட்டு, திரும்ப வந்து நிபந்தனையை விலக்கிக்கொண்டால் பிரதமர். எல்லோருக்கும் அது வெறும் சடங்கு, விருந்தில் முதல் தடவை வேண்டாம் என்பது போல. நம் ஆளுக்கோ அது சொர்க்கம். ஏற்றுக்கொண்டும் ஏற்றுக்கொள்ளாமலும் இருக்கச் சட்டமே இடம் தருகிறதே. காலையில் எழுந்ததும் தான் பிரதமரா இல்லையா என்று தெரியாமல் இருப்பதில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.

கட்சிக்காரர்களைப் போய்ப் பார்த்தார். எல்லோரும் ஆதரவு தருகிறோம் என்றார்கள். அதுதான் அவருக்கு உறுத்தியது. எல்லோரும் ஒத்துக்கொண்டால் ஏதோ சூது இருக்க வேண்டும் அல்லவா? மறுபடியும் போய்க் கேட்டார். உண்மையைச் சொன்னால், அவருக்குப் பயம். ஒரு தடவை சரி என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் அது தன் தலையில்தான் விடியும் என்ற பயம். அறிவாளிகளுக்கு இந்தப் பயம் வந்தால் அதற்கு நிதானம் என்று பெயர்.

அன்சேல்மோ இந்தத் தடவை மீன் கொண்டுவரவில்லை.

"இப்ப உங்களுக்கு மேல ஆளே இல்ல அத்தான். இன்னிக்கே போய்ச் சரின்னு சொல்லிட்டு வாங்க. மழைக்காலம் வரப்போகுது."

"நான் இன்னும் முழுசா ஏத்துக்கலையே மச்சான்."

"இதை ஆத்துத் தண்ணிகிட்ட சொல்லிப் பாருங்க."

அவர் யோசித்து முடிப்பதற்குள் அரசருக்குப் பொறுமை போய்விட்டது. வேறொருவர் பிரதமரானார். அந்த மனிதர் நன்றி மறக்காதவர். காம்போரேசேயை வடக்கே ஒரு தலைநகருக்குத் தூதராக அனுப்பிவைத்தார். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்த வேலை அவருக்குப் பொருந்திற்று. அங்கே கொள்கையளவில் சரி என்பதைத் தினம் மூன்று மொழிகளில் சொல்லலாம், சம்பளமும் உண்டு.

இலையுதிர் காலத்தில் மழை பிடித்துக்கொண்டது. போர்கோ சாலிசேயில் கரை உடைந்தது. மக்கள் கூரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். கரையைக் காவல் காத்தவரும் அவர் மனைவியும் வெள்ளத்தோடு போனவர்கள் போனவர்கள்தான். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை.

வெள்ளச் செய்தியோடு தந்தி வந்தபோது தூதரகத்தில் மதிய விருந்து. அந்த நாட்டு வெளியுறவு மந்திரி நல்ல மனிதர். படகு, கூடாரம், கம்பளி, ரொட்டி எல்லாம் தங்கள் ராணுவத்திடம் இருக்கிறது, தூதர் ஒரு வார்த்தை சொன்னால் இன்றைக்கே ரயில் கிளம்பும் என்றார். எல்லோரும் காம்போரேசேயைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார். கொள்கையளவில் இதை வரவேற்கிறோம், எனினும் உதவியை ஏற்பது கரையின் பொறுப்பை அரசாங்கம் ஏற்றதாகப் பொருள்படுமோ என்பது, தாமே முன்னொரு காலத்தில் எழுதியபடி, இன்னும் தீராத கேள்வி, ஆகவே ரோமைக் கலந்தாலோசித்துவிட்டு...

அவர் பக்கத்திலிருந்த ஓர்சோலா கரண்டியை வைத்தாள்.

"வாங்கிக்கிறோம்" என்றாள்.

"அம்மா, தூதர் அவர்கள்தான் முறைப்படி..." என்று மந்திரி தயங்கினார்.

"அவரு பேசி முடிக்கிறதுக்குள்ள ஊரு கடலுக்குப் போயிரும். என் தம்பி கூரைமேல உக்காந்திருக்கான் ஐயா. வாங்கிக்கிறோம். ரயில விடுங்க."

ரயில் போயிற்று. அந்நியச் சிப்பாய்கள் அன்சேல்மோவையும் ஊராரையும் கூரையிலிருந்து படகில் இறக்கினார்கள். காம்போரேசே அன்று மாலையே, மனைவியின் வாய்ச்சொல் சட்டப்படி நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று ரோமுக்கு விளக்கம் எழுதினார். யாரும் அதைப் படிக்கவில்லை. தூதர் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுத்துப் பல உயிர்களைக் காத்தார் என்று பாராட்டி ஒரு பதக்கம் அனுப்பினார்கள். அதை அவர் எந்த நிபந்தனையும் போடாமல், அன்றே, குனிந்து வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

சிரித்தாயிற்றா? உங்களிடமும் யாரோ ஒருவர் வெகுநாளாக ஒன்று கேட்டுக்கொண்டிருப்பார். மகள் மேலே படிக்கட்டுமா என்றோ, தம்பி ஆஸ்பத்திரிக்குக் கூட வருவாயா என்றோ. நீங்கள் முடியாது என்று சொல்லவில்லை. சேச்சே, உங்களுக்கு அவ்வளவு கல்நெஞ்சா? சரி என்றும் சொல்லவில்லை. ஆகவே நேராகவே கேட்டுவிடுகிறேன். இந்த இனத்தில் நீங்களும் ஒருவரா, இல்லையா?

என்ன, பார்க்கலாம் என்கிறீர்களா?