நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

பானெட்டின் மேல் வைத்திருந்த டீ கிளாஸ், யாரும் தொடாமலே மெல்ல நடந்துபோய்க் கீழே விழுந்து உடைந்தது. கணக்கு வாத்தியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நர்சம்மா காரை எடுக்க வருவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

"ஸ்லோவே நிக்கல மாப்ளே" என்றார் மெக்கானிக்; வண்டி நிற்கும்போது எஞ்சின் மெதுவாக, சீராக ஓடவில்லை என்று அர்த்தம். அவர் வாத்தியாரின் அக்கா புருஷன். பேசுவதில் சிக்கனம், முறைப்பதில் தாராளம்.

எட்டு வருஷத்துக்கு முன்பு வாத்தியாரின் மகள் குறைமாதத்தில், உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி பிறந்தாள். பத்தொன்பது நாள் கண்ணுக்குள் வைத்துப் பார்த்து, அவளை உயிரோடு கையில் கொடுத்தவர் இந்த நர்சம்மா. பதிலுக்கு ஒரு ஆப்பிள்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய பழைய கார் எஞ்சின் வேலைக்காக அத்தானின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும், வாத்தியார் தலைகால் புரியாமல் ஓடிவந்தார்.

வால்வு எப்போது திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்வது கேம் ஷாஃப்ட். மெக்கானிக் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டிருப்பார். வாத்தியார் விடவில்லை. என்ன வேகத்தில் ஓட்டுவீர்கள் என்று நர்சம்மாவிடமே கேட்டார். நாற்பது என்று பதில் வந்தது. டயர் அளவு, கியர் விகிதம், எஞ்சின் சுற்று என்று நான்கு பக்கம் கணக்குப் போட்டு, அதற்கென்றே ஒன்றைக் கடைந்து வரவழைத்தார். அதுதான் இப்போது கிளாஸை உடைத்தது.

முதலில் ஸ்லோவைக் கூட்டினார்கள். உதறல் நின்றது, ஆனால் கார் நின்ற இடத்திலேயே போட்ட கத்தலில் எதிர்வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். ஸ்லோவைக் குறைத்துவிட்டு, எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களை மெத்தென்று மாற்றச் சொன்னார் வாத்தியார். எஞ்சின் இன்னும் சௌகரியமாக ஆடியது. சைலன்சர் அடித்தகட்டில் டமடமவென்று முட்டியது. சைலன்சரைக் கம்பி போட்டு இறுக்கியதும், ஆட்டமெல்லாம் சீட்டுக்கு ஏறியது.

"மா... மா... மாப்ளே, க... கணக்க இன்னொரு தடவை பாரு" என்றார் சீட்டில் இருந்த மெக்கானிக்.

பார்த்தார். இரண்டாம் பக்கத்தில், டயரின் விட்டம் வர வேண்டிய இடத்தில் ஆரத்தை எழுதியிருந்தார். இதே தப்புக்காக வருஷா வருஷம் பிள்ளைகளைப் பெஞ்சில் ஏற்றுகிற மனிதர் அவர். எஞ்சின் சுற்று அப்படியே இரட்டிப்பாகியிருந்தது. எண்பதில் பறக்கிற ஆளுக்கான கேம் ஷாஃப்டை நாற்பதில் ஊர்கிறவருக்கு மாட்டிவிட்டார். மெதுவாகப் போனால் அது இப்படித்தான் உதறும். பழையது தேய்ந்து குப்பைக்குப் போய்விட்டது. வேறு வர மூன்று வாரம் ஆகும். நாளைக் காலை நர்சம்மாவுக்கு டியூட்டி.

தன் மகன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதும், நர்சம்மா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வாத்தியார் எதையும் மறைக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. என் பிள்ளைய நீங்க முழுசா குடுத்தீங்க. நான் உங்க வண்டியக் கெடுத்துட்டேன்."

நர்சம்மா சாவியை வாங்கிக்கொண்டார். கார் விக்கி விக்கித் தெருமுனையைத் தாண்டியது. இருபது நிமிஷம் ஆகியும் ஆளைக் காணோம். மெக்கானிக் கட்டி இழுக்கக் கயிறு எடுத்து வைத்தார்.

கார் தானாகவே வந்து நின்றது. தலைமுடியெல்லாம் கலைந்து, முகமெல்லாம் பூரிப்பாக இறங்கிய நர்சம்மா, வாத்தியாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் இப்படியொரு எஞ்சினைத் தனக்கு யாரும் கட்டித் தந்ததில்லை, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். மனசு நோகக் கூடாதென்று சொல்கிறார் என்றே வாத்தியாருக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. நாற்பதுல எப்படிப் போகுது?"

நர்சம்மா தெருவை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எண்பதுக்குக் கீழ நான் எங்க போனேன் வாத்தியாரே? அன்னிக்கு நீங்க கேட்டப்ப என் மகன் பக்கத்துல நின்னான், அதான் நாற்பதுன்னேன்."