நாலாம் வகுப்பு வெளிச்சம்

எங்கள் வீட்டில் ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை என் மனைவி முடிவு செய்கிறாள். டிவியில் எது ஓட வேண்டும் என்பதை மகள் முடிவு செய்கிறாள். இரண்டும் ஓடும்போது நான் எங்கே உட்கார வேண்டும் என்பதை இருவரும் கலந்து பேசி முடிவு செய்கிறார்கள். ஒருநாள் நானும் ஒரு முடிவு செய்தேன். இந்த வீட்டில் நான் மட்டுமே இயக்கக்கூடிய பொருள் ஒன்றாவது இருந்தாக வேண்டும்.

லேசர் விளக்கு வாங்கினேன்.

விளையாட்டுச் சாமான் இல்லை. மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒளி அமைக்கிறவர் ஒருவர் தொழிலை விட்டபோது விற்றது. சூட்கேஸ் அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி, அதை இயக்க ஒரு பலகை, பலகை நிறைய பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானிலும் குட்டி விளக்கு. அந்தப் பலகையின் முன்னால் உட்கார்ந்ததும் எனக்கு முதுகெலும்பு நிமிர்ந்தது. இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஹாலில் முதல் வெள்ளோட்டம். பச்சைக் கதிர் ஒன்று பீரோக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வாசல் பக்கம் பாய்ந்தது. அதே நேரம் மனைவி வேலையிலிருந்து வந்தாள். உள்ளே வரவில்லை. வெளியே நின்றபடியே கையை மட்டும் நீட்டிச் சுவிட்சை அணைத்தாள்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், அவள் காலடியில் ஒரு பிரேக் உள்ள வண்டி. பழக்கதோஷம், வீட்டில் நான் ஏதாவது யோசனை சொல்ல வாயைத் திறந்தாலே அவள் கால் தரையை அழுத்தும்.

"என்னங்க இது?"

"ஒளி."

"அதான் என்கிட்ட ஒளிச்சீங்களா?"

"கலைம்மா இது."

"கண்ணாடியில பட்டு நேரா வாசலுக்கு வருது. நான் உள்ள வந்திருந்தா?"

"என் கண்ணு பட்டிருக்கும்."

"உங்க கண்ணு பட்டாத் தொலையுது. இது பட்டா எனக்குக் கண்ணே இருக்காது. எதுக்கும் ஒரு சட்டம் இருக்கும்ல, கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. என் முதலாளிதான் கேட்கவைத்தார்.

நான் டைல்ஸ் கடையில் விற்பனை மேலாளர். முதலாளி இரண்டாவது கடை திறக்கப் போகிறார் என்று தெரிந்ததும், திறப்பு விழாவில் லேசர் காட்சி நடத்துகிறேன் என்று வாயை விட்டேன். புதுக் கடைக்கு யார் பொறுப்பு என்று அவர் இன்னும் சொல்லவில்லை. நான்தான் என்று அவருக்கே தோன்றவைப்பது என் திட்டம். அவர் மகிழ்ந்துபோய், "ஜமாய்ங்க. ஆனா அனுமதி வாங்கிடுங்க" என்றார்.

அனுமதி அலுவலகத்தில் ஓர் அதிகாரி என் பெட்டியின் பின்பக்கத்தைக் குனிந்து படித்தார்.

"நாலாம் வகுப்பு" என்றார்.

"சார், நான் டிகிரி முடிச்சவன்."

"உங்களைச் சொல்லல. லேசரைச் சொன்னேன். ஒண்ணாம் வகுப்பு பரம சாது. நாலாம் வகுப்பு நேரா பட்டாலும் கண்ணு போகும், எதுலயாவது பட்டுத் திரும்பி வந்தாலும் போகும். அதுக்கு மேல வகுப்பே கிடையாது."

பிறகு விதிகளைச் சொன்னார். ஆள் நிற்கிற தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்குக் கீழே கதிர் இறங்கக் கூடாது. வானத்தைப் பார்த்து அடிக்கக் கூடாது, மேலே விமானிக்கும் கண் உண்டு. பளபளப்பான எதையும் மூடாமல் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இயக்குகிறவர் வேறு, பாதுகாப்பு அலுவலர் வேறு. பாதுகாப்பு அலுவலர் கையில் நிறுத்தும் பொத்தான் இருக்கும். அவர் அழுத்தினால் எல்லாம் அணைந்துவிடும்.

"அந்த அலுவலரா யார் வேணா இருக்கலாமா?"

"பயிற்சியில தேறணும். அப்புறம், உங்களுக்குப் பயப்படாத ஆளா இருக்கணும்."

எனக்குப் பயப்படாத ஆள் என்றதும் ஒரே ஒரு முகம்தான் மனதில் வந்தது. அவசரமாக விரட்டினேன். அவள் கையில் பொத்தானைக் கொடுத்தால் முதலாளி நாற்காலியில் உட்காருவதற்குள் காட்சி முடிந்துவிடும்.

நேராக மாடிவீட்டு சாரிடம் போனேன். ஓய்வுபெற்றவர். எதைக் கேட்டாலும் "அதுக்கென்ன" என்பார்.

"சார், நான் லேசர் விடுவேன். நீங்க ஒரு பொத்தானைக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும்."

"அதுக்கென்ன, நிக்கிறேன்."

"அழுத்தக் கூடாது."

"அதுக்கென்ன, அழுத்தல."

"ஆபத்துன்னா மட்டும் அழுத்தலாம்."

"ஆபத்துன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன்."

"அப்ப கவலையே இல்ல."

எனக்கும் கவலை இல்லை. மனைவியிடம் மூச்சு விடவில்லை. பயிற்சி நாளன்று உற்சாகமாகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் வரிசையில் ஒரு கைப்பை தெரிந்தது. எங்கோ பார்த்த கைப்பை. அதற்குப் பக்கத்தில் எங்கோ பார்த்த பின்னல்.

"நீ எங்க இங்க?"

"மாடிவீட்டு சாரால வர முடியல. அவருக்குப் பதிலா வந்தேன்."

"ஏன் வர முடியல?"

"அவர் வீட்டம்மா என்கிட்ட கார் பழகி லைசென்ஸ் வாங்கிட்டாங்கல்ல? இன்னைக்குத் தனியா ஓட்டிப் பாக்கணுமாம். பக்கத்துல ஒரு ஆள் உக்காந்தா தைரியமா இருக்கும்னு நான்தான் அவரை உக்காரச் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"அதுக்கென்னன்னார்."

தேர்வில் அவள் முதலாவதாக வந்தாள். நான் இயக்குகிறவனாகத் தேறினேன். எப்படித் தேறினேன் என்பதில் அதிகாரிக்கே கொஞ்சம் வருத்தம் இருந்தது.

ஆனாலும் நான் மனம் தளரவில்லை. காட்சியின் கடைசியில் ஒரு பிரமாதமான இடம் வைத்திருந்தேன். எல்லாக் கதிர்களும் மேலிருந்து சரசரவென்று இறங்கி, முதலாளியின் தலையைச் சுற்றி ஒரு கிரீடமாக நிற்கும். புதுக் கடைப் பொறுப்பு என் மடியில் வந்து விழும்.

"கிரீடம் வேணாம்" என்றாள்.

"தலையைச் சுத்திதாம்மா. தலையில இல்ல."

"கண்ணும் அந்தத் தலையிலதாங்க இருக்கு."

கிரீடத்தை எடுத்துவிட்டுத்தான் காட்சியைப் பதிவு செய்தேன். விழா அன்று பிற்பகல் அதிகாரி வந்து அந்தப் பதிவை ஓடவிட்டுப் பார்த்து, உயரத்தை அளந்து, அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். கிரீடம் என் பலகையில் ஓர் ஓரப் பொத்தானில் பத்திரமாக இருந்தது.

மனைவி வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து, புதுக் கடை முற்றத்தில் பளபளத்த டைல்ஸ் அடுக்குகளை எல்லாம் போர்த்திக்கொண்டிருந்தாள். அவள் முதுகு திரும்பியிருந்த நேரம் பெட்டிக்குப் பின்னால் போனேன். அவளுடைய நிறுத்தும் பொத்தானிலிருந்து வருகிற கம்பியை மெல்ல உருவினேன். அவள் ஆசைதீர அழுத்திக்கொள்ளட்டும். ஒரு கணவனின் உறுதி எப்படிப்பட்டது என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்துவிடும்.

இருட்டத் தொடங்கியதும் கூட்டம் சேர்ந்தது. முதலாளி பேரக்குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். மனைவி முற்றத்தின் ஓரத்தில், எல்லாரையும் பார்க்கும்படி ஒரு ஸ்டூல் மேல் நின்றாள். கையில் சிவப்புப் பொத்தான். பாவமாக இருந்தது.

இசை எழுந்தது. பச்சையும் நீலமுமாகக் கதிர்கள் தலைகளுக்கு மேலே விசிறி விரித்தன. கூட்டம் "ஓ" என்றது. நான் பலகையில் விளையாடினேன். இடது கை ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம். அலை என்று அழுத்தினேன், அலை வந்தது. மழை என்று அழுத்தினேன், கொஞ்சம் தாமதமாக மழை வந்தது. பழைய பெட்டி, தாமதிக்கத்தான் செய்யும். முதலாளி இரண்டு முறை திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

கடைசி இசை நெருங்கியது. மூச்சை இழுத்துப் பிடித்துக் கிரீடத்தை அழுத்தினேன்.

கதிர்கள் இறங்கவில்லை. மேலேயே ஆடிக்கொண்டிருந்தன. மறுபடி அழுத்தினேன். பலகையை ஒரு தட்டு தட்டி அழுத்தினேன். அசையவில்லை. வெறுத்துப்போய் நிமிர்ந்து முதலாளியின் நாற்காலியைப் பார்த்தேன். அதில் அவர் இல்லை.

பேரக்குழந்தைக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. மனிதர் குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் போர்வை போர்த்தியிருந்த டைல்ஸ் அடுக்கின் மேல் ஏறிக்கொண்டிருந்தார். ஏறி நிமிர்ந்தும் நின்றார். குழந்தை கதிரைப் பிடிக்க எம்பியது. இரண்டு கைகளையும் விரித்து, கண்களையும் அகல விரித்து.

ஸ்டூல் மேல் நின்றவளைப் பார்த்தேன். அவள் அழுத்துகிறாள். அவள் கையில் இருப்பது செத்த பொத்தான். அதைக் கொன்றவன் நான்.

சட்டென்று எல்லாம் அணைந்தது.

இருட்டில் அவள் குரல் நிதானமாக வந்தது. "சார், குழந்தையைக் கீழ இறக்குங்க. நீங்களும் இறங்கி நாற்காலியில உக்காருங்க. அப்புறம் மிச்சத்தைப் பாக்கலாம்."

அவர் இறங்கினார். உட்கார்ந்தார். வெளிச்சம் மறுபடி வந்து, தலைகளுக்கு மேலேயே ஆடி, அழகாக முடிந்தது. இடையில் வந்த இருட்டும் காட்சியில் சேர்ந்ததுதான் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. கதிர்கள் என் பேச்சைக் கேட்டிருந்தால், நாற்காலிக்கு இறங்குகிற வழியில் அந்தக் குழந்தையின் முகத்தில்தான் பட்டிருக்கும்.

மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்தப் பொத்தான்..." என்றேன்.

"தினமும் வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பிரேக்கை மிதிச்சுப் பாப்பேன். இதையும் அழுத்திப் பாத்தேன். விளக்கு அணையல. பின்னாடி போய்ப் பாத்தா கம்பி தொங்குது. கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டச் சொன்னேன். அவர் என்கிட்டதான் கார் பழகினார்."

"என் பலகை?"

"அதுலேருந்து பெட்டிக்குப் போற கம்பியை உருவச் சொல்லிட்டேன். அதிகாரி பாத்த பதிவை அப்படியே ஓடவிட்டோம்."

"ஆனா பலகையில விளக்கெல்லாம் எரிஞ்சுதே."

"அதை மட்டும் விட்டுவைங்கன்னு சொன்னேன். முதலாளி பாக்குறப்ப நீங்க இருட்டுல உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?"

நான் ஏதோ சொல்ல வந்தேன். குழந்தையின் விரிந்த கண்கள் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன். வீட்டில் எத்தனையோ முறை வாயை மூடியிருக்கிறேன். மனதார மூடியது அன்றுதான்.

முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தக் கைக்குள்ள இவ்வளவு வித்தை இருக்குன்னு தெரியாமப் போச்சே. என்ன வேகம், என்ன லாவகம். புதுக் கடையை நீங்கதான் பாத்துக்கணும். வருஷாவருஷம் இந்தக் காட்சியையும் நீங்களே நடத்தணும்."

நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. மிகவும் மரியாதையாகச் சொன்னாள்:

"தாராளமா நடத்தட்டும் சார். இன்னைக்கு நடத்தின மாதிரியே நடத்தட்டும்."