கோளாறு காலிலா, கிளட்சிலா?

அன்பும் மரியாதையும் மிக்க சம்பந்தி பிரேம்நாத் அவர்களுக்கு,

செவிலிமேட்டிலிருந்து ஆதிகேசவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பொன்னியும் நலம். வாலாஜாபாத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும், நம் ரேவதியும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கக் காமாட்சியம்மன் துணை. மாப்பிள்ளை விமல்ராஜிடம் தாங்கள் கொடுத்தனுப்பிய முழங்கால் தைலம் வந்து சேர்ந்தது. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

போன மாதம் தாங்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள்: "சம்பந்தி, கோளாறு வண்டியிலயா, உங்க கால்லயா?" முப்பத்து நான்கு வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் நான். கேள்வி என்று வந்துவிட்டால் விடை கண்டுபிடிக்காமல் தூக்கம் வராது. அதிலும் தாங்கள் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். தங்கள் தீர்ப்புக்கு நம் குடும்பத்தில் அப்பீல் கிடையாது. வருகிற ஞாயிறு வந்து கார் சாவியை வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சாவி போனால் சனிக்கிழமைகளும் போச்சு. வாராவாரம் உத்திரமேரூரில் இருக்கும் துளசியை, அதாவது தன் அக்காவை, பொன்னி பார்க்கப் போவது இந்த வண்டியில்தான். பஸ் வாடை பட்டாலே அவளுக்குத் தலை சுற்றும். ஆகவே தாங்கள் புறப்படுமுன் என் தரப்பையும் கேட்க வேண்டும்.

மூங்கில் மண்டபம் சிக்னலில் நடந்தது தங்களுக்கு மாப்பிள்ளை சொன்ன வடிவத்தில் தெரியும். நடந்தது இதுதான். சிவப்பு விளக்கு. நான் முதல் கியரைப் போட்டு, கிளட்சைத் தரை வரைக்கும் அழுத்திக்கொண்டு நிற்கிறேன். கிளட்சை அழுத்தினால் இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை அறுந்துவிட வேண்டும், இல்லையா? அறவில்லை. வண்டி தானாக, பந்தியில் இடம் பிடிக்கப் போகிறவரைப் போல மெல்ல நகர்ந்து, முன்னால் நின்ற பூக்காரம்மாவின் தள்ளுவண்டியைத் தொட்டது. தொட்டதுதான், முட்டவில்லை. மல்லிச்சரம் ஒன்று பானெட்டில் விழுந்தது. அந்தம்மா பெருந்தன்மையாக, "வண்டிக்கு நேர்ந்துக்கினதா இருக்கும், வுடு சாமி" என்றுவிட்டார். பக்கத்து ஆட்டோக்காரர்தான், "இன்னா பெருசு, கால எட்த்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாப்பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு வார்த்தை அவர் வழியாக வாலாஜாபாத் வந்து, அங்கிருந்து தைலமாகத் திரும்பி வந்திருக்கிறது.

அன்று இரவே பொன்னி ஒன்று சொன்னாள். தங்களுக்குத் தெரியும், அவள் பிள்ளையார்பாளையத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் அப்பா வீட்டுத் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்தவள். "எங்க வூட்ல தறி மிதி தொளதொளன்னு போச்சுன்னா யாரும் காலைக் கொறை சொல்ல மாட்டாங்க. குனிஞ்சு கயிறத்தான் பாப்பாங்க" என்றாள். நான் பொறுமையாக, "பொன்னி, இதில் கயிறு கிடையாது, எண்ணெய் இருக்கிறது" என்று எடுத்துச் சொன்னேன். "எண்ணெய்னா எண்ணெயப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். நான் பார்க்கவில்லை. சோதனைகளில் இறங்கிவிட்டேன்.

முதலில் வெறுங்காலால் மிதித்தேன், செருப்போடு மிதித்தேன், ரேவதி வாங்கித் தந்த வாக்கிங் ஷூவோடு மிதித்தேன். மூன்றிலும் பெடல் ஊறின அவல் மாதிரி உள்ளே போனது. அடுத்து, காலே வேண்டாம் என்று பத்து கிலோ அரிசி மூட்டையைப் பெடல் மேல் வைத்துப் பார்க்கலாம் என்று தூக்கி வந்தேன், அது சரிந்து பிரேக்குக்கும் ஆக்சிலேட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அதை இழுக்கப்போய்த் தையல் பிரிந்து, இன்றைக்கும் ஏசி போட்டால் ஓர் அரிசி வந்து விழுகிறது, அதை விடுங்கள். கடைசியாகத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெடலை அடுத்தடுத்து மூன்று தடவை வேகமாக மிதித்தேன். முதல் மிதியில் தொளதொள. இரண்டாவதில் கொஞ்சம் பிடிப்பு. மூன்றாவதில் கெட்டி! ரிவர்ஸ் கியரும் கரகரக்காமல் விழுந்தது. சம்பந்தி, நிதானமாக யோசித்துப் பாருங்கள். கோளாறு என் காலில் என்றால், மூன்று மிதிக்குள் அந்தக் காலுக்கு எங்கிருந்து பலம் வந்தது? தைலம்கூட அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாதே!

இந்த ஆதாரத்தோடு பைபாஸ் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஏஞ்சலிடம் போனேன். கெட்டிக்காரப் பெண். எங்கள் பள்ளியில் படித்தவள்தான், "நீங்க பி செக்‌ஷன் சார், நான் ஏ, தப்பிச்சேன்" என்று அவளே சொன்னாள். பானெட்டைத் திறந்து எண்ணெய் டப்பாவைப் பார்த்தாள். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் அதில் ஒரே எண்ணெய்தானாம். கிளட்சுக்குப் போகிற குழாய் டப்பாவில் கொஞ்சம் மேலே இருக்கிறது. எண்ணெய் அதற்கும் கீழே இறங்கிவிட்டதால் குழாயில் காற்று புகுந்துவிட்டது. நல்லவேளை, பிரேக்குக்கு மிச்சம் இருந்தது. அசெம்பிளியில் வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் போலத்தான் இதுவும். கடைசிப் பையன் தள்ளினால் முதல் பையன் முன்னால் போய் விழ வேண்டும். நடுவில் ஒருவன் வளைந்து கொடுத்தால் தள்ளு அவனோடு முடிந்தது. எண்ணெய் வளையாது, காற்று வளையும். நான் இங்கே மிதித்த மிதியெல்லாம் அந்தக் காற்றை அமுக்குவதிலேயே செலவாகி, கிளட்சுக்குப் போய்ச் சேரவே இல்லை.

"சார், வூட்ல வண்டி நிக்கிற எடத்துல எதுனா ஒழுகினு இருந்துச்சா?" என்று ஏஞ்சல் கேட்டாள். ஒரு சொட்டு இல்லை என்று அடித்துச் சொன்னேன். கூட வந்திருந்த பொன்னி, "ஒழுகல் கிழுகல் எதுவும் பாக்கலமா. பொங்கலுக்கு போர்டிகோவில பெயின்ட் கோலம் போட்டேன், அதுல ஒரு தாமரை மட்டும் உரிஞ்சு உரிஞ்சு வருது. பெயின்ட் கடைக்காரன நாலு தடவ திட்டிட்டேன்" என்றாள். ஏஞ்சல் சிரித்துவிட்டாள். "அது பிரேக் ஆயில்மா. பெயின்ட்டத் தின்னுடும். கடைக்காரனாண்ட மன்னிப்பு கேட்டுடுங்க." வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். கியர் பாக்ஸ் பக்கத்தில், பெடல் மிதியை வாங்கிக் கிளட்சைத் தள்ளுகிற கீழ் சிலிண்டரில் ரப்பர் தேய்ந்து, சுற்றிலும் ஈரம். ஆக, இரண்டு மாதமாக விடை என் வாசல் தாமரையிலேயே எழுதியிருந்தது, நான்தான் வாசிக்கவில்லை.

சிலிண்டரை மாற்றிவிட்டுக் காற்றை வெளியேற்றினோம். "மிதிங்க சார்... அப்டியே புடிங்க... நான் சொல்ற வரைக்கும் கால எடுக்காதீங்க... இப்ப வுடுங்க." நாற்பது தடவையாவது மிதித்திருப்பேன். கீழே குழாய் வழியே குமிழி குமிழியாக வந்தது. கால் கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு சுற்று காற்றை எடுத்துவிட்டு மாலையில் வண்டியை வீட்டில் கொண்டுவந்து விடுவதாக ஏஞ்சல் சொல்லியிருக்கிறாள்.

ஆகவே தங்கள் கேள்விக்கு விடை: கோளாறு வண்டியில். காலில் அல்ல. ஞாயிறு தாங்கள் தாராளமாக வரலாம், சாப்பிடலாம், சாவியை மட்டும் கேட்க வேண்டாம். தைலத்தை மாப்பிள்ளையிடமே திருப்பி அனுப்புகிறேன். தங்களுக்குப் பயன்படும்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் இருவரும் நீண்ட ஆயுளோடும் குறைவில்லாத செல்வத்தோடும், எதையும் ஆராயாமல் தீர்ப்புச் சொல்லாத குணத்தோடும் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஆதிகேசவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வண்டி வந்துவிட்டது. போகும்போது ஏஞ்சல், "சார், இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, கிளட்ச அழுத்திப் புடிச்சு முப்பது எண்ணுங்க. பெடல் தானா கீழ எறங்கலன்னா வண்டி ஓகே" என்றாள். உட்கார்ந்து அழுத்தினேன். பெடல் கல் மாதிரி இருந்தது, கொஞ்சம்கூடக் கீழே இறங்கவில்லை. ஆனால் எட்டு எண்ணுவதற்குள் என் முழங்கால் நடுங்க ஆரம்பித்து, பதினொன்றில் கால் தானாக மேலே வந்துவிட்டது. மறுபடி முயன்றேன், ஒன்பது. பெடலும் காலும் ஒரே வேகத்தில் தளர்ந்துகொண்டு வந்திருக்கின்றன, அதனால் இரண்டுமே எனக்குத் தெரியவில்லை.

பொன்னி கைவேலையை வைத்துவிட்டு வந்து, "தள்ளுங்க" என்றாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து மிதித்தாள். முப்பது எண்ணினேன். நாற்பது எண்ணினேன். "இதுக்கா ஊரையே கூட்டினீங்க? எங்கப்பா தறி இதுக்கு மேல" என்றாள். இறங்கி வந்து சாவியை என் பாக்கெட்டிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். திங்கட்கிழமை எல்.எல்.ஆர். போடப் போகிறாளாம். தங்களுக்கு அவள் சொல்லச் சொன்னது: "சம்பந்திய ஞாயித்துக்கிழம கண்டிப்பா வரச் சொல்லுங்க. சாவி குடுக்க இல்ல. எல்.எல்.ஆர். வந்ததும் என் பக்கத்துல ஒக்காந்து ஓட்டக் கத்துத் தரணும்னு நேர்ல கேக்க."

தைலத்தை அனுப்பவில்லை. திறந்துவிட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. பாதி பாட்டில் மிச்சம் வைக்கிறேன், ஏனென்றால் தங்களுக்கும் எழுபது ஆகிறது. புறப்படுமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: தங்கள் வண்டியில் இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்து, கிளட்சை இடது காலால் தரை வரை அழுத்தி, காலை எடுக்காமல் முப்பது எண்ணிப் பாருங்கள்.