மூன்றாம் மாடி மார்ஜாரம்

"பூனை நக்கோ சார், வேண்டாம். அசுத்தம். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல பேசி வெளிய அனுப்பிடறோம்" என்று அடுக்ககச் செயலாளர் சிலாஸ் வாசலில் நின்று சொன்னதும் தண்டபாணி கதவை மறித்துக்கொண்டார். கோயம்புத்தூரை விட்டு, உருது கலந்து பேசும் இந்த அல்வாலுக்கு வந்து இரண்டு வருடம். அந்தச் சாம்பல் பூனைதான் அவருக்கு இங்கே கிடைத்த ஒரே சிநேகம். மத்தியானம் எங்கோ ஊர்சுற்றப் போகும். அவர் பாலாநகர் வேலையிலிருந்து திரும்பும்போது வாசலில் காத்திருக்கும்.

"சும்மா பூனைன்னு சொல்லாதீங்க. பழந்தமிழ்ல இதுக்கு வெருகுன்னு பேருங்க."

"அப்படின்னா?"

"காட்டுப்பூனைங்க."

சிலாஸ் இரண்டு படி இறங்கிவிட்டார். சாயங்காலத்துக்குள், 'மூன்றாம் மாடியில் காட்டு மிருகம்' என்று குடியிருப்போர் வாட்ஸப்பில் செய்தி ஓடியது.

"சும்மா இருந்திருந்தா பூனையாவது இருந்திருக்குமுங்க" என்றாள் மனைவி வேதவல்லி.

தண்டபாணி விடவில்லை. அகராதியைப் புரட்டி 'மார்ஜாரம்' என்ற சொல்லைப் பிடித்தார். துடைப்பது, சுத்தம் செய்வது என்ற வடமொழி வேரிலிருந்து வந்ததாம். ஓயாமல் தன்னைத் துடைத்துக்கொள்வதால் இந்தப் பெயராம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்தக் காலத்திலோ எவனோ ஒருத்தன், வேலையை எல்லாம் போட்டுவிட்டு ஒரு பூனையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த மகராசனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதையும் வாட்ஸப்பில் போட்டார்.

"ஹவ், அப்படியா? அப்போ மீட்டிங்ல துடைச்சுக் காட்டட்டும்" என்று பதில் போட்டார் சிலாஸ்.

ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் கூடியிருந்தார்கள். பூனை மின்விசிறியைப் பார்த்தது. வேதவல்லியைப் பார்த்தது. தன்னைத் துடைத்துக்கொள்ள மட்டும் மறுத்தது. பதறிப்போன தண்டபாணி அதன் பாதத்தில் வெண்ணெயைத் தடவினார். அது திமிறிக்கொண்டு பாய்ந்து, நேரே செயலாளர் மடியில் போய் விழுந்தது.

"கைக்கு சார், எதுக்கு இதெல்லாம்?" என்றார் சிலாஸ், வெண்ணெய் அப்பிய கால்சட்டையைப் பார்த்து. தண்டபாணி கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போச்சு.

கண்ணைத் திறந்தால், பூனை அந்த மடியில் சாவகாசமாக உட்கார்ந்து பாதத்தை நக்கி, முகத்தைத் துடைத்து, காதுக்குப் பின்னால்கூட விடாமல் வழித்துக்கொண்டிருந்தது. அந்த நேர்த்தியைப் பார்த்த இருபது பேரும் கை தட்டினார்கள்.

செயலாளரின் பத்து வயது மகள் ஜெனிட்டா மட்டும் தட்டவில்லை.

"டாடி, மத்தியானம் நம்ம வீட்ல நீங்க பூனை கம்ப்ளெயிண்ட் டைப் பண்றப்பவும் இது உங்க மடியிலதான இருந்துச்சு? 'இனிமே சாயங்காலமும் இங்கயே இரு'ன்னு சொன்னீங்களே."