மூன்றாம் மாடித் தீட்டுக்கல் திணைக்களம்

மனித நாகரிகம் கல்லிலே தொடங்கி இரும்பிலே வளர்ந்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அந்தக் கல்லும் அந்த இரும்பும் கடைசியில் முறைப்படி சந்தித்துக்கொண்ட இடம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடி வீடு என்பதை ஏனோ ஒருவரும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குறையை நீக்குவது நம் கடமை.

சந்திப்பை நடத்திவைத்தவர் ஓய்வுபெற்ற பிரதம எழுதுவினைஞர் நாகேந்திரம் ஐயா. அதற்குக் காரணமாயிருந்தவர் அவருடைய மனைவி நேசமலர். ஆனால் நேசமலர் செய்தது வாயைத் திறந்தது மட்டும்தான். மாசி மாதத்து ஒரு காலையில், வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"இஞ்சாருங்கோ, கத்தி மொட்டையாப் போச்சு. அமத்தி அமத்தி வெட்டித்தான் இந்தக் கை வீங்குதாம். கூரான கத்தி பாவிக்காட்டிக் கட்டுப் போடவேண்டி வரும் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்."

வேறொரு கணவனாயிருந்தால் கத்தியைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து, அரை மணித்தியாலத்தில் விஷயத்தைக் கெடுத்திருப்பான். ஐயா அப்படிப்பட்ட அவசரக்காரரல்ல. முதலில் கந்தோர்ப் பழக்கப்படி கடதாசிக் கோவை ஒன்று திறந்தார். அதன் மேல் 'குறைந்த செலவில் வீட்டுத் தீட்டுக்கல் ஏற்பாடு' என்று எழுதினார். பிறகு மூன்று கிழமை யூடியூப் பார்த்தார்.

'குறைந்த செலவு' என்பதில் ஐயா மகா கண்டிப்பு. புறக்கோட்டையில் வாங்கிய கல் ஒன்றுதான் செலவு. ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் மழமழப்பு. கல் ஊற ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. நேசமலரின் அரிசி கழுவும் பேசின் வந்தது. கல் வழுக்காமலிருக்க ஈரத்துணி வேண்டியிருந்தது. நேசமலரின் துவாய் வந்தது. மேடுபள்ளமில்லாத பலகை ஒன்றும் தேவைப்பட்டது. மரக்கறி வெட்டும் பலகை அன்றோடு வெட்டும் வேலையிலிருந்து நிரந்தர இடமாற்றம் பெற்றது. கத்தியைப் பிடிக்கும் பதினைந்து பாகைச் சாய்வுக்கு மகனின் பழைய பாகைமானி. கடைசி மெருகுக்கு மட்டும் ஐயா தன் சொந்த இடுப்புப் பட்டியைக் கொடுத்துவிட்டு, காற்சட்டையைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டார். தியாகமென்றால் அதுதான்.

நல்ல கத்தி இப்படித் திணைக்களத்துக்குப் போய்விட, நேசமலருக்கு மிஞ்சியது பிடி ஆடும் பழைய கத்தி. அது அதைவிட மொட்டை. நல்ல கத்தியைக் கேட்டபோதெல்லாம் பதில் ஒன்றே.

"கல்லு ஊறுது, நேசம்."

"கல்லு ஊறட்டும். கத்தி என்ன செய்யுது?"

"அது வரிசையில நிக்குது."

"தீட்ட எடுத்தது ஒரு கத்திதானே. என்ன வரிசை?"

ஐயா பேசினுக்குள் கல்லைப் புரட்டி வைத்தார். நிர்வாகத்தை வெளியாருக்கு விளங்கப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும்.

கறிவேப்பிலை கேட்டு வந்த கீழ்வீட்டு நுஹா, நேசமலர் படும் பாட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு ஏன் ஆன்ட்டி இவ்வளவு கரச்சல்? பீங்கான் கோப்பையக் கவுத்து வெச்சு, அடியில சொரசொரப்பா இருக்கிற வளையத்தில நாலு இழுப்பு இழுங்க. எங்கட உம்மா அப்படித்தான்."

நேசமலர் கோப்பையைக் கவிழ்த்துவிட்டுப் பழைய கத்தியை எடுத்ததுதான் தாமதம், ஐயா ஓடிவந்தார்.

"அதைத் தீட்டாதையும். அது கட்டுப்பாட்டு மாதிரி."

"என்னது?"

"தீட்டின கத்தி எவ்வளவு கூர் எண்டு ஒப்பிட்டுப் பாக்க, தீட்டாத கத்தி ஒண்டு மொட்டையாவே இருக்கோணும். விஞ்ஞானம். நீர் தாராளமா அதால வெட்டலாம். தீட்டத்தான் ஏலாது."

விஞ்ஞானத்துக்காக நேசமலர் அந்தக் கத்தியால் பூசணிக்காய் வெட்டினார். மணிக்கட்டு பேக்கரிப் பணிஸ் போலப் பொங்கியது.

சித்திரையில் கத்தி தயாரானது. ஐயா பத்திரிகைத் தாளைத் தூக்கிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அரசியல் பக்கம் சத்தமில்லாமல் இரண்டாய்ப் பிரிந்தது. அத்தோடு திருப்திப்படாமல், யூடியூப் விற்பன்னர்கள் செய்வதுபோல முன்கை மயிரைச் சிரைத்துக் காட்டினார். இந்த 'முன்கைப் பரிசோதனை' நாளுக்கு மூன்று தரம் நடந்தது. ஒரு கிழமையில் இடக்கை வழுவழுவென்றானது. பிறகு கத்தியைக் கை மாற்றிப் பிடித்து வலக்கையையும் முடித்தார். ரொறன்ரோவிலிருந்து மகன் லவன் வீடியோவில் பார்த்துக் கைதட்டினான்.

"தீட்டின மரத்தில கூர் பாக்கிறது எண்டு சொல்லுவினம்," என்றார் நேசமலர். "தீட்டின கையிலயே கூர் பாக்கிறதை இப்பத்தான் பாக்கிறன். சரி, தாங்கோ. வெங்காயம் வெட்டக் கிடக்கு."

பெற்ற பிள்ளையை அடகு கேட்டதுபோல ஐயாவின் முகம் கறுத்தது.

"வெங்காயத்துக்கோ? வெங்காயச் சாறு விளிம்பைத் தின்னும், நேசம். ரெண்டு மாச வேலை இது."

"அப்ப என்னத்தை வெட்டத்தான் தீட்டினனீங்கள்?"

"வெட்டினா மொட்டையாப் போயிடும்தானே," என்றார் ஐயா, சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல.

கத்தி நேசமலரின் தங்கச் சங்கிலிப் பெட்டிக்குள், பட்டுத் துணியின்மேல் குடியேறியது. முன்கைப் பரிசோதனைக்கு மட்டும் வெளியே வந்தது. நேசமலருக்கு அழுகை வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டுவிட்டு, மொட்டைக் கத்தியால் அமர்த்தி வெட்டிக்கொண்டே அழுது முடித்தார்.

வைகாசியில் டொக்டர் சொன்னபடியே வலக்கைக்குக் கட்டுப் போட்டார். ஆறு கிழமை அசைக்கக் கூடாது. அன்று மத்தியானம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. ஐயா நெருக்கடியைத் திறம்படச் சமாளித்தார்: தொலைபேசியில் இரண்டு சோற்றுப் பார்சல் எடுப்பித்தார். கடைக்காரன் குழம்பு ஒழுகாமலிருக்க நாலு பக்கமும் டேப் சுற்றியிருந்தான்.

"அந்தக் கத்தியை எடுங்கோவன்," என்றார் நேசமலர். "இதையாவது வெட்டட்டும்."

ஐயா பெட்டியைப் பார்த்தார். பார்சலைப் பார்த்தார். சாதக பாதகங்களைச் சீர்தூக்கினார்.

"டேப்பில பசை இருக்கு, நேசம். விளிம்புக்குக் கூடாது. கையாலயே பிரிக்கலாம்தானே."

அப்பழுக்கில்லாத தீர்ப்பு. நேசமலர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கை நகத்தாலும் பல்லாலுமாகத் தன் பார்சலை ஒருவழியாய்ப் பிரித்தார். அதுவரை ஐயா பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பார்சலையும் மெல்ல அவர் முன்னே தள்ளிவைத்தார், இரண்டு கைகளாலும். நல்ல கைகள். வீக்கமில்லை, கீறலில்லை, ஒரு மயிர்கூட இல்லை.